கச்சானுக்கு ஜப்பானில் என்ன பெயர்?

எனக்குக் கச்சானும் ஒத்துவராது, றாலும் நண்டும் ஒத்துவராது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு இதைவிட மோசமான கூட்டணி கிடையாது. திருவிழா என்றால் கச்சான் கடை, கூழ் என்றால் றாலும் நண்டும். ஒன்பது வயதில் ஒரு துண்டு கச்சான் அல்வாவுக்குப் பிறகு உதடு தடித்து, தொண்டை இறுகி, மூச்சு விசிலடிக்கத் தொடங்கி, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு ஒரே சட்டம்தான்: "வடிவாக் கேட்டுப்போட்டுச் சாப்பிடு." அந்தச் சட்டம் இருபத்தொரு வயது வரைக்கும் என்னைக் காப்பாற்றியது. கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள், பதில் சொன்னால் விளங்கவும் செய்தது.

2024 செப்ரெம்பரில் ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஜப்பான் போனேன். இடம் சிபா மாகாணம். நரிட்டா விமான நிலையம் இருப்பது சிபாவில்தான். ஜப்பானில் விளைகிற கச்சானில் பெரும்பங்கு விளைவதும் அதே சிபாவில்தான். விமான நிலையக் கடையில் ஊர்ப் பலகாரம் என்று அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் கச்சான் படம் சிரித்துக்கொண்டிருந்தது. போனில் இதைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உனக்கு வேற ஊரே கிடைக்கேல்லையே பிள்ளை?" எண்டு கேட்டா.

ஜப்பான் அனுபவம் என்று எழுதுகிறவர்கள் பக்கற்றின் முன்பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதுவார்கள்: எவ்வளவு வடிவு, எவ்வளவு சுத்தம். நான் ஆறு மாதமும் பார்த்தது பின்பக்கத்தை. படிக்கவும் வேலைக்கும் ஜப்பான் போகிற எங்கட வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது என்னைப் போல ஒரு உடம்பு இருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கு. கலைப்பீடத்தில் மூன்று வருசமாக "வாசிப்பு" என்ற சொல்லோடு புழங்குகிறோம். அந்தச் சொல்லுக்கு உடம்போடு ஒரு சம்பந்தம் இருப்பது எனக்குத் தெரியவந்தது ஒரு பிஸ்கற் பக்கற்றின் பின்னால்தான்.

முதலில் எழுத்து. ஜப்பானிய மொழியை மூன்று எழுத்து முறைகளைக் கலந்து எழுதுகிறார்கள். ஹிரகானாவும் கதகானாவும் ஒலியெழுத்துகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46, ஓர் எழுத்துக்கு ஓர் அசை. உயிர்மெய் பழகிய எங்களுக்கு அது அந்நியமாக இராது. மூன்றாவது சீனத்திலிருந்து வந்த எழுத்து. அதற்குப் பெயர் கஞ்சி. ("கஞ்சி படிக்கிறன் அம்மா." "கஞ்சி குடிக்கிறது பிள்ளை.") கஞ்சியில் பொதுப் பாவனைக்கென்று அரசாங்கம் வைத்திருக்கிற பட்டியலிலேயே 2136 எழுத்து இருக்கு. ஆறு மாதத்தில் அது நடக்காத காரியம்.

ஒரே பொருள் இந்த மூன்று உடுப்பில் எதைப் போட்டுக்கொண்டும் வரலாம். றாலுக்கு "எபி" என்று பெயர். ஒரு பக்கற்றில் ஹிரகானாவில் இருக்கும், அடுத்ததில் கதகானாவில் இருக்கும், இன்னொன்றில் கஞ்சியில் "கடல்", "முதியவர்" என்று இரண்டு எழுத்தாக இருக்கும். வளைந்த முதுகு, நீண்ட மீசை. கடற்கிழவர் என்று நினைத்துக்கொள்ளலாம். நண்டுக்கு அவர்கள் சொல்வது "கனி". ஹிரகானா எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகின முதல் கிழமை, ஒரு சிப்ஸ் பக்கற்றில் "கனி" என்று வாசித்து முடிக்க என் தமிழ் மூளை உடனே பழம் என்றது. படத்தில் நண்டு கொடுக்கை விரித்துக்கொண்டு நின்றதால் குழப்பம் தீர்ந்தது. எல்லாப் பக்கற்றிலும் படம் இருக்காது.

கச்சானுக்கு இரண்டு பெயர். ஒன்று ஆங்கிலத்திலிருந்து போன "பீனட்ஸு", கதகானாவில் எழுதுவது. மற்றது "ராக்கசேய்". அது மூன்று கஞ்சி எழுத்து: விழு, பூ, பிற. கச்சான் செடியில் பூ வாடின பிறகு அதன் அடியிலிருந்து ஒரு காம்பு கீழே இறங்கி மண்ணுக்குள் போய், அங்கேதான் காய் பிடிக்கும். விழுந்த பூவிலிருந்து பிறப்பது என்று பெயர் வைத்தவர்கள் செடியை வடிவாகப் பார்த்திருக்கிறார்கள். எங்கட ஆட்கள் ஒரு காற்றுக்கும் இந்தக் கடலைக்கும் ஒரே பெயரை வைத்ததும் அழகுதான். ஆனா கடையில் நிற்கிறபோது அழகு உதவாது. லேபலில் இந்த இரண்டு பெயரில் எதையும் போடச் சட்டம் விடுகிறது. கதகானா மட்டும் படித்துக்கொண்டு போனவர் "பீனட்ஸு" இல்லை என்று கண்டு நிம்மதியாக வாங்குவார். அதே வரியில் "ராக்கசேய்" இருக்கும். போன் கமராவைப் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டுகிற செயலி ஒருநாள் அதை எனக்கு "உதிர்ந்த மலர்" என்று காட்டியது. கிறீம் பிஸ்கற்றில் ஏன் உதிர்ந்த மலர் என்று நின்று யோசித்ததால் அந்தப் பக்கற் தட்டிலேயே இருந்தது.

விடுதியில் எனக்குப் பக்கத்து அறை, களனியில் ஜப்பானிய மொழி படித்துவிட்டு வந்த ஒரு சிங்கள அக்கா. எங்களுக்குள் அரைச் சிங்களம், அரை ஆங்கிலம். முதல் கிழமையே அவ சொன்னா: "நங்கி, நீ மொழி படிச்சு முடியுமட்டும் பட்டினி கிடக்க ஏலாது. உருவத்தைப் பாடமாக்கு." அவவே ஒரு கொப்பித் தாளில் கீறித் தந்தா. கச்சானுக்கு இரண்டு உருவம், றாலுக்கு மூன்று, நண்டுக்கு மூன்று. மொத்தம் எட்டு. என் உயிருக்குத் தேவையான ஜப்பானிய மொழி அந்த எட்டு உருவத்துக்குள் அடங்கியிருந்தது.

உருவத்தைப் படிக்கிறதும் ஒரு கலைதான். ராக்கசேயின் முதல் இரண்டு எழுத்துக்கும் தலையில் ஒரே அடையாளம் இருக்கும்: ஒரு கிடைக்கோடு, அதைக் குறுக்கே வெட்டுகிற இரண்டு சின்னக் கோடு. அது புல். முதல் எழுத்தில் புல்லுக்குக் கீழே இடப்பக்கம் மூன்று துளித் தண்ணீர். கடைசி எழுத்தான "பிற" எல்லா இடத்திலும் வரும். பச்சை மீனிலும் வரும், மாணவர் என்ற சொல்லிலும் வரும். அதைத் தனியே கண்டு பயப்படத் தேவையில்லை. மூன்றும் சேர்ந்து நின்றால்தான் கச்சான். ஹிரகானா எபியின் இரண்டாவது எழுத்து சிரிக்கிற வாய் மாதிரி, வலது தோளில் இரண்டு சின்னக் கோடு. கோடு இல்லாவிட்டால் "ஹி", இருந்தால் "பி". 5.5 புள்ளி எழுத்தில் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கோ, தெரியும். (லேபல் எழுத்து 8 புள்ளிக்குக் குறையக் கூடாது என்பது பொது விதி. லேபல் போட இடமில்லாத சின்னப் பொதிகளில் 5.5 வரை போகலாம்.)

இனிச் சட்டம். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பின்பக்கம் திறந்தது.

ஜப்பானில் ஒவ்வாமைப் பொருள்களை லேபலில் சொல்வது 2001 ஏப்ரலில் சட்டமானது. ஒரு வருட அவகாசம் கொடுத்து 2002இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா இதற்கெனச் சட்டம் இயற்றியது 2004இல்தான். தொடக்கத்தில் கட்டாயப் பட்டியலில் ஐந்து: முட்டை, பால், கோதுமை, சோபா என்கிற பக்வீற், கச்சான். 2008இல் றாலும் நண்டும் சேர்ந்தன. 2023 மார்ச்சில் வோல்நட் சேர்ந்து எட்டானது. அதற்கு 2025 மார்ச் முடியும் வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் வோல்நட்டைச் சொல்லாத பக்கற் கடையில் இருந்திருந்தாலும் அது குற்றமில்லை.

இந்த எட்டுக்குப் பிறகு இன்னொரு பட்டியல். நான் இருந்தபோது அதில் 20 பொருள்: எள்ளு, கஜு, பாதாம், சோயா, கணவாய், சால்மன், கானாங்கெளுத்தி, மாட்டிறைச்சி, பன்றி, கோழி, வாழைப்பழம், தோடம்பழம், ஜெலற்றின் என்று போகும். அப்போது இவற்றைச் "சொன்னால் நல்லது" என்றுதான் விதி இருந்தது. சொல்லாவிட்டால் தண்டனை இருக்கவில்லை. எனவே லேபலில் கச்சான் இல்லை என்றால் போடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். லேபலில் கஜு இல்லை என்றால் அப்போது அப்படி எடுத்துக்கொள்ள முடியாமல் இருந்தது. எங்கட நாட்டில் கஜு ஒத்துவராத பிள்ளைகள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியிருந்தது. ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பொருளின் மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் இருந்தது.

பட்டியல் எப்படி மாறுகிறது என்பதும் சுவாரசியம். ஆஸ்பத்திரிகளில் இருந்து என்னென்ன சாப்பாட்டால் ஆட்கள் வந்தார்கள் என்று சில வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். வோல்நட் சாப்பிட்டு வந்தவர்கள் கூடினதால்தான் அது கட்டாயப் பட்டியலுக்கு ஏறியது. 2024 மார்ச்சில் இரண்டாவது பட்டியலில் மக்கடேமியாவைச் சேர்த்து, மட்சுதாக்கே என்கிற காளானை எடுத்துவிட்டார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் மூச்சடைத்துப்போன மனிதர்கள் இருக்கிறார்கள். நான் பயமில்லாமல் ஒரு பக்கற் வாங்க முடிந்தது அவர்களால்.

லேபல் எப்படி இருக்கும்? பின்பக்கத்தில் ஒரு பெட்டி கீறியிருக்கும். அதற்குள் "கென்சைரியோமேய்" என்று தொடங்குகிற வரிதான் சேர்மானங்கள். எடை கூடினது முதலில், குறைந்தது கடைசியில். நடுவில் ஒரு சாய்கோடு வரும். அதற்குப் பிறகு வருபவை நிறமூட்டி, கெடாமல் வைக்கிற பொருள் முதலிய சேர்க்கைகள். ஒவ்வாமைப் பொருளை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, அந்தந்தச் சேர்மானத்துக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குள். மற்றது, வரி முடிகிற இடத்தில் "இச்சிபு நி" என்று தொடங்கி, பெயர்களை வரிசையாகச் சொல்லி, "ஃபுகுமு" என்று முடிக்கிற ஒரு அடைப்பு. "ஒரு பகுதியில் இவை அடங்கும்" என்று அர்த்தம். இரண்டாவது வகை எங்கட நண்பன். அது இருந்தால் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கும். முதலாவது வகையில் ஒரு பொருளை ஒருமுறை சொன்னால் அடுத்த முறை விட்டுவிடலாம் என்று விதி இருப்பதால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கண்ணை ஓட்ட வேண்டும்.

2015இல் வந்த உணவு லேபல் சட்டத்துக்கு முன்பு இன்னொரு சலுகையும் இருந்தது. மயோனைஸ் என்றால் முட்டை என்று எல்லோருக்கும் தெரியும்தானே என்று, சேர்மானத்தில் மயோனைஸ் என்று எழுதினால் முட்டை என்று தனியே எழுதாமல் விடலாம். 2015 சட்டம் அதை நீக்கியது. எனக்கு இது பிடித்த திருத்தம். "எல்லோருக்கும் தெரியும்" என்கிற வசனத்தில் யார் எல்லோரும்? அந்தச் சமையலில் பிறந்து வளர்ந்தவர்கள். சாம்பாரில் பருப்பு இருப்பது எனக்குத் தெரியும். ஜப்பானில் இருந்து வந்த ஒருவருக்கு யார் சொன்னது?

இந்த "எல்லோருக்கும் தெரியும்" இன்னும் பல இடத்தில் ஒளிந்திருக்கு. ஒகினவாவில் "ஜீமாமி தோஃபு" என்று ஒன்று இருக்கு. தோஃபு என்றால் சோயாக் கட்டி என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். இது கச்சான் பாலில் செய்வது. ஜீமாமி என்பது ஒகினவாப் பேச்சில் நிலத்துப் பயறு. அந்த ஊரார் பெயரைக் கேட்டதுமே விளங்கிக்கொள்வார்கள். எனக்கு என் எட்டு உருவமும் அந்தப் பெயரில் இல்லை. சேர்மான வரிக்குப் போனால்தான் ராக்கசேய் தெரியும். "காக்கி-நோ-தானே" என்ற உறைப்பான அரிசிப் பண்டத்தோடு கச்சானைக் கலந்து விற்பது அங்கே அவ்வளவு வழக்கம். சில கறிக் கட்டிகளிலும் எள்ளுச் சோஸ்களிலும் கச்சான் இருக்கும். கறி என்றதும் ஊர் நினைவில் கையை நீட்டுகிற எங்கட பிள்ளைகள் கவனம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. விடுதியில் பால் ஒத்துவராத ஒரு வியட்நாம் பிள்ளை இருந்தாள். "பால்" என்ற கஞ்சியைக் கண்ட இடமெல்லாம் பக்கற்றைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தெரிந்தது, எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கிற சேர்க்கைப் பொருளின் பெயரிலும் அதே எழுத்து வருகிறது, லக்ரிக் அமிலத்தின் பெயரிலும் வருகிறது. அவை பாலிலிருந்து வரவேண்டும் என்றில்லை. சோயாவிலிருந்து வந்தால் பக்கத்தில் "சோயா யுராய்" என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். யுராய் என்றால் இதிலிருந்து வந்தது. அன்றைக்கு அவள் மூன்று மாதமாகத் தொடாத பாண் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினாள். வாசிக்கத் தெரியாதவரை ஆபத்து மட்டுமல்ல, பயமும் பட்டினி போடும்.

சட்டத்தின் பட்டியலும் என் உடம்பின் பட்டியலும் ஒன்றல்ல என்பதைக் கிம்ச்சி போத்தலில் கண்டேன். சட்டத்தில் "எபி" என்றால் எது எபி என்று வரையறை இருக்கு. சிங்க இறாலும் அதற்குள் வரும். ஆனா "அமி" என்கிற கூனி மாதிரியான சிறு பூச்சிறாலும், "ஒகியாமி" என்கிற கிறில்லும் அதற்குள் வராது. கிம்ச்சியில் உப்பில் ஊறின அமியைப் போடுவது வழக்கம். சேர்மானத்தில் அமி என்று எழுதினால் போதும், கடைசி அடைப்பில் எபி என்று வர வேண்டியதில்லை. உயிரியல் புத்தகம் அவற்றைப் பிரித்து வைக்கலாம். என் தொண்டை உயிரியல் புத்தகம் படித்ததில்லை. எட்டு உருவம் இருந்த தாளில் ஒன்பதாவதாக அமியை நானே எழுதினேன். ஜப்பானிய மொழியில் யாருடைய உதவியும் இல்லாமல் நான் எழுதின முதல் சொல் அது.

எங்கட நாட்டு இறக்குமதிச் சொக்லேற்றுகளில் "இது இருக்கக்கூடும், அது இருக்கக்கூடும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் அப்படி எழுதத் தடை. "இருக்கலாம்" என்று போட்டால் எல்லா நிறுவனமும் எல்லாவற்றிலும் அதைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடும், ஒவ்வாமை உள்ளவருக்குச் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது என்பது அதன் நியாயம். ஒரு கிராமில் சில மைக்ரோகிராம் புரதம் என்ற அளவுக்கு மேலே கலந்தால் இருக்கு என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே என்றால் நடந்ததை நடந்தபடி பெட்டிக்கு வெளியே எழுதலாம்: இதே ஆலையில் கச்சான் சேர்ந்த பண்டமும் செய்கிறோம் என்று.

அந்த வெளிவரிகள்தான் எனக்கு மிகப் பிடித்த ஜப்பானிய உரைநடை. நெத்தலிக் குஞ்சு மாதிரியான ஷிராசுப் பக்கற்றில், இந்த மீனைப் பிடிக்கிற முறையில் றாலும் நண்டும் வலையில் கலந்து வரும் என்று எழுதியிருக்கும். கடற்பாசித் தாளிலும் அப்படி இருக்கும். மீன் அரைத்துச் செய்கிற கமபோகோவில் இன்னும் ஒரு படி மேலே: இதில் உள்ள மீன் றாலும் நண்டும் சாப்பிடுகிற மீன் என்று எழுதியிருப்பார்கள். முதல் முறை அக்கா வாசித்துச் சொன்னபோது பகிடி என்று நினைத்தேன். மீன் கடலில் என்ன சாப்பிட்டது என்று எனக்கு ஏன்? பிறகு யோசித்துப் பார்த்தேன். யாரோ ஒரு ஆலையில் இருந்துகொண்டு, என்னைப் போல ஒருத்தி இந்தப் பக்கற்றை எடுப்பாள் என்று நினைத்து, மீனின் வயிற்றுக்குள் வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள். முடிவை என்னிடமே விட்டிருக்கிறார்கள்.

ஆனா இந்த வாக்குறுதி பக்கற் முடிகிற இடத்தில் முடிந்துவிடுகிறது. சாப்பாட்டுக் கடையில், பேக்கரித் தட்டில், நிறுத்துக் கொடுக்கிற இடத்தில் இந்தக் கட்டாயம் இல்லை. 2012 டிசம்பரில் டோக்கியோவின் சோஃபு நகரில், பால் ஒத்துவராத ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாடசாலை மதிய உணவில் சீஸ் கலந்த பண்டத்தைச் சாப்பிட்டு இறந்துபோனது. லேபல் சட்டம் வந்து பத்து வருடத்துக்கு மேலே ஆகியிருந்தது. தட்டில் வைத்துக் கொடுக்கிற சாப்பாட்டுக்கு லேபல் கிடையாது. அதற்குப் பிறகு பாடசாலை நடைமுறைகளை இறுக்கினார்கள். ஒவ்வாமை நோய்களுக்கென்றே தனிச் சட்டம் 2014இல் நிறைவேறியது.

எனக்கும் பக்கற் இல்லாத ஒரு நாள் வந்தது. ஒக்ரோபரில் சிபாவின் வயல்களில் பிடுங்கின கச்சான் செடிகளைக் கும்பம் கும்பமாகக் குவித்து, மேலே வைக்கோல் மூடிக் காய விட்டிருப்பார்கள். அந்தக் குவியலுக்கு "பொச்சி" என்று பெயர். எங்களை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். அந்த வீட்டு ஆச்சி, எண்பது வயது இருக்கும், அப்போதுதான் அவிச்ச கச்சானை ஆவி பறக்கக் கொண்டுவந்து முதலில் என்னிடம் நீட்டினா. ஊரில் ஒரு வீட்டுக்குப் போய் நீட்டினதை வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு என் நிலைமை விளங்கும். பாடமாக்கி வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன்: "ராக்கசேய் நோ அரெருகீ கா அரிமாசு." ஆச்சி கிண்ணத்தை அப்படியே பின்னால் இழுத்தா. உள்ளே போனா. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு காக்கிப் பழம், வேறு கத்தி, வேறு தட்டு. கழுவின இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டிவிட்டு, என் முன்னாலேயே தோலைச் சீவினா. நான் ஜப்பானில் வாசித்ததிலேயே தெளிவான லேபல் அந்த இரண்டு கைதான்.

தமிழ் பேசுகிற இலங்கையருக்கு, தன்னுடைய அல்லாத எழுத்தின் முன்னால் நிற்பது புது அனுபவம் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. சட்டம் அப்படிச் சொன்ன பிறகும், தனிச் சிங்களத்தில் வந்த கடிதத்தோடு அப்பப்பா ஊரில் வாசித்துச் சொல்ல ஆள் தேடித் திரிந்ததைக் கண்டு வளர்ந்தேன். ஜப்பானில் நின்றபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. அந்த எழுத்து எனக்கு எழுதப்படவில்லைதான். ஆனா அதற்குள் என் உடம்பு நினைக்கப்பட்டிருந்தது. ஊரில் ஒரு கடிதத்தில் என் மொழி விடுபடும்போது, அதை எழுதினவர் மனதில் நான் இருந்தேனா என்றே தெரியவில்லை. அதோடு, எனக்கு எட்டு உருவத்தைக் கீறித் தந்தது ஒரு சிங்கள அக்கா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கு.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விசயம். போக முதலே உங்கட பொருளின் பெயரை மூன்று எழுத்திலும் எழுதி வாங்குங்கோ. தாளில் ஒன்று, போனில் ஒன்று. அது கட்டாயப் பட்டியலிலா மற்றப் பட்டியலிலா என்று பாருங்கோ. பொருள் வகையையே பட்டியலில் காணாவிட்டால், உதாரணமாக மீன் முழுக்க ஒத்துவராதவர்கள், சேர்மானத்தை முழுதாக வாசிக்கத்தான் வேணும். சால்மனும் கானாங்கெளுத்தியும் தவிர மற்ற மீன் எதுவும் நான் இருந்தபோது எந்தப் பட்டியலிலும் இல்லை. எங்கட மாசிக் கருவாடு செய்கிற அதே சூரை மீனைக் காய வைத்துச் சீவித்தான் ஜப்பானியர் சூப்புக்கு அடி போடுகிறார்கள். மரக்கறிச் சூப் என்று தெரிவதிலும் அது இருக்கும். போன மாதம் வாங்கின அதே பக்கற்றாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பாருங்கோ, செய்முறை மாறியிருக்கலாம். செயலியை நம்பலாம், ஆனா உருவத்தை நீங்களும் தேடுங்கோ.

ஒன்றும் விளங்காவிட்டால் பக்கற்றைத் தட்டில் வைத்துவிட்டு வாங்கோ. பசி ஒரு நேரம்தான். ஏதாவது நடந்தால் அம்புலன்சுக்கு 119. எங்கட நாட்டில் அது பொலிஸ் இலக்கம், அங்கே உயிர் காக்கிற இலக்கம். அதையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கோ.